சீட்டுக்குப் பின்னால் மஞ்சள் முடிச்சு

பழுது பார்க்கப் போகிற இடங்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. ராசி. எஞ்சின் சூடாகிறது என்றால் ரேடியேட்டரைப் பார்க்கலாம். எண்ணெய் ஒழுகுகிறது என்றால் ஆயில் சீலை மாற்றலாம். ராசி சரியில்லை என்றால் நான் எந்த ஸ்பேனரை எடுப்பது? இதைப் பல இடங்களில், பல பேரிடம் கத்தியிருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் குவாரியில் கத்தியதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்போது சேலத்தில் ஒரு கம்பெனியில் சர்வீஸ் எலக்ட்ரீசியனாக இருந்தேன். பாறை புரட்டுகிற பெரிய எக்ஸ்கவேட்டர்களை விற்கிற கம்பெனி. அதுவரை வந்த வண்டிகளில் இரும்பும் எண்ணெயும்தான்; லிவரை இழுத்தால் வண்டியின் கை தூக்கும், அவ்வளவுதான் கணக்கு. அந்த வருடங்களில்தான் எலக்ட்ரானிக் பெட்டி வைத்த வண்டிகள் வர ஆரம்பித்தன. எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று ஒரு சென்சார் பார்க்கும். பார்த்ததை ஒயர் வழியாக, ஆபரேட்டர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டு, எவ்வளவு எண்ணெய் தள்ள வேண்டும் என்று பம்புக்குச் சொல்லும். இந்த மூன்றும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பேச்சு அறுந்தால் பெட்டி பயந்துபோய்ப் பம்பை அடக்கிவிடும். எஞ்சின் என்னவோ உறுமிக்கொண்டுதான் இருக்கும். வண்டியின் கையில் வலு இருக்காது. அந்த நாளில் பாலக்கோடு போஸ்ட் ஆபீஸிலிருந்து வெளியூருக்கு டிரங்க் கால் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். லைன் கிடைத்துவிடும், எதிர்முனையில் ஆள் இருப்பதும் தெரியும், ஒரு வார்த்தை கேட்காது.

அப்படி ஒரு டிரங்க் காலில்தான் குவாரி முதலாளி எங்கள் ஆபீஸைப் பிடித்தார். "வண்டி திடீர் திடீர்னு சோர்ந்து போவுதுங்க. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாவுது. மறுபடியும் சோர்ந்து போவுது" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலாளி நல்ல மனிதர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எனக்குச் சொல்ல மனம் வராது. தோளில் துண்டும் காலில் ரப்பர் செருப்புமாகப் பாறைக் குழிக்குள் இறங்கி ஆட்களோடு நிற்பவர். அவருக்கு இருந்தது அந்த ஒரே எக்ஸ்கவேட்டர். அதை ஓட்டியவர் மெலிந்த ஆள், என் வயதுதான் இருக்கும். பக்கத்து ஊரில் விவசாயம் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஏரை விட்டு மெஷின் ஏறிய முதல் ஆள். கழுத்தில் மாதா உருவம் பதித்த சின்னப் பதக்கம், சட்டைக்குள் மறைந்து கிடக்கும். லிவர்களை அவர் தொடுகிற பக்குவத்தைப் பார்த்தாலே நல்ல கை என்று தெரிந்துவிடும்.

சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றினேன். கன்ட்ரோல் பெட்டி இருந்தது. அதற்கு மேலே ஒயர் கற்றையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கட்டித் தொங்கியது. விலக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"சார் சார்! அத மட்டும் தொட்றாதீங்க" என்று முதலாளி பதறிவிட்டார். "எங்க கொலதெய்வத்துக்கிட்ட வெச்சு எடுத்தாந்த எலுமிச்சம்பழம். ஆயுத பூஜை அன்னிக்கு என் கையால கட்டுனது. கண்ணு படாம இருக்கணுமில்லீங்களா."

சாமி காரியம், நமக்கெதற்கு வம்பு என்று கையை எடுத்துக்கொண்டேன். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டாத ஊர் எது? ஆனால் எல்லோரும் முன்னால் கட்டுவார்கள். வெயிலில் காய்ந்து சருகாகித் தொங்கும். இவர், யார் கண்ணிலும் படாமல் வண்டியின் உயிர் இருக்கிற இடத்திலேயே கட்டினால் இன்னும் விசேஷம் என்று உள்ளே கட்டியிருந்தார். வண்டியின் உயிர் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னதே எங்கள் கம்பெனி ஆள்தான்!

பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு உண்டு. அது சிமிட்டுகிற விதத்தை வைத்து எந்தப் பக்கம் பேச்சு அறுந்தது என்று சொல்லலாம். எஞ்சின் பக்கமிருந்து சேதி வரவில்லை என்று சிமிட்டியது. சென்சாரை அளந்தேன், சரியாக இருந்தது. இருந்தாலும் புதிதாக ஒன்று மாட்டினேன். அன்றைக்கு முழுக்க வண்டி வேலை செய்தது. கோழிக் குழம்போடு சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

சேலத்தில் அந்தக் குழம்பின் ருசி நாக்கை விட்டுப் போவதற்குள் அடுத்த டிரங்க் கால் வந்துவிட்டது.

இரண்டாம் தடவை போனபோது குவாரியின் முகமே மாறியிருந்தது. நான் போன பிறகு, குழியிலிருந்து மேடேறும்போது வண்டி வலுவிழந்து, ஏறமாட்டாமல் கொஞ்சம் பின்னால் சறுக்கியிருக்கிறது. கீழே கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. பயம் பிடித்தால் ஒரு ஆளைத் தேடும்.

அந்த ஆளை எனக்குக் காட்டியவர் கம்ப்ரெசர் ஓட்டுகிறவர். குவாரியில் மூத்தவர். பீடியை அணைத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், நீங்க ஒயரத் தேடிக்கினு இருக்கீங்க. இது ஒயரு சமாச்சாரமில்ல. அவரு வேதக்காரரு. பூஜை அன்னிக்குத் தேங்கா ஒடைக்கச் சொன்னா, 'நீங்களே ஒடைங்க'ன்னு ஒதுங்கி நின்னுட்டாரு. அன்னிலேர்ந்துதான் வண்டிக்கு இந்தக் கதி. ராசியில்லீங்க அவரு."

"பொரி குடுத்திருப்பீங்களே, சாப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டாரு."

"அப்புறம் என்னய்யா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவனுக்கு இதெல்லாம் புரியாது என்கிற பார்வை.

முதலாளி நேரடியாகவே சொல்லிவிட்டார். "சார், இந்தத் தடவ கண்டுபுடிச்சுக் குடுத்துடுங்க. இல்லன்னா நான் ஆள மாத்தித்தான் ஆவணும். பசங்க குழிக்குள்ள எறங்க மாட்டேங்கறாங்க."

டீ குடிக்கும்போது ஆபரேட்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். முன்பெல்லாம் இவர் சோற்றுப் பாத்திரத்தில் கை விட்டுச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

"வேலைய வுட்டு நிறுத்துனாக்கூடப் பரவால்லீங்க சார்," என்றார். "வேற எடம் பாத்துக்குவேன். ராசியில்லாதவன்னு சொல்லி நிறுத்துனா, இங்கேர்ந்து அரூரு வரைக்கும் எந்தக் குவாரிலயும் மெஷின்ல ஏத்த மாட்டாங்க. அந்தப் பேரு எனக்கு முன்னாடி பஸ் ஏறிப் போயிடும்."

ஒரு ஒயரின் பழுதை ஒரு மனுஷன் தலையில் கட்டிவிட்டார்களே! இன்றைக்கு இதைக் கண்டுபிடிக்காமல் பஸ் ஏறுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன் என்பார்களே, அப்படி. எஞ்சினிலிருந்து கேபின் வரைக்கும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எங்கும் உராய்வு இல்லை, எலி கடிக்கவில்லை. எர்த் சரி. பேட்டரி சரி. நிறுத்தி வைத்து அளந்தால் மீட்டர் எல்லாவற்றையும் சரி என்கிறது, ஓட்டினால் சோர்ந்துபோகிறது. இந்த வகைப் பழுதைப் போலப் படுத்துவது வேறெதுவும் கிடையாது. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி.

கடைசியில், "நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று ஆபரேட்டரிடம் சொல்லி, மூடியைத் திறந்து போட்டுவிட்டு சீட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அவர் கல்லைத் தூக்கித் திரும்பினார். கற்றை ஆடியது, மஞ்சள் முடிச்சும் ஆடியது. போன தடவை ஒரு பழம் இருந்த முடிச்சில் இப்போது கொத்தாக இருந்தது. வண்டி சோரும்போதெல்லாம் முதலாளி ஒரு பழத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அடியில் இருந்த துணி கறுத்திருந்தது. வண்டி திரும்பி நின்றது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. கை சோர்ந்தது.

பெட்டியில் செருகியிருந்த பிளக்கைப் பிடித்தேன். விரல் பிசுபிசுத்தது. ஆயிலா? முகர்ந்து பார்த்தேன். ஆயில் இல்லை, டீசல் இல்லை. ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை!

முடிச்சிலிருந்து சாறு சொட்டி, ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, பிளக்குக்குள் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றினேன். உள்ளே பித்தளை முனைகளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. எஞ்சின் அனுப்புகிற சேதி பெட்டிக்குள் நுழையாமல் அந்தப் புளிப்புத் தண்ணீர் வழியாகப் பக்கத்து முனைக்குக் கசிந்து போய்க்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்தால் வண்டி ஓடும், சொட்டினால் நிற்கும். நிற்க நிற்கப் பழம். பழம் கூடக் கூடச் சொட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கொஞ்ச நாளாவே வாசனை வந்துதுங்க," என்றார் மெதுவாக.

"வந்துச்சா? வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? எடுத்துத் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"யாரு, நானுங்களா?" என்று கேட்டார். "வேதக்காரன் சாமி முடிச்ச அவுத்துட்டான்னு சொல்லுவாங்க சார். தேங்கா ஒடைக்காததுக்கே இந்தப் பாடு."

கேபினை விட்டு இறங்கினேன்.

முதலாளியைக் கூப்பிட்டேன். வேலையாட்களையும் கூப்பிட்டேன், எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். பச்சை பூத்த பிளக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். முடிச்சை முதலாளி கையாலேயே அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார். பழங்கள் கூழாக வழிந்தன. கெட்ட வாடை அடித்தது. "இதுதான் கோளாறு. ஆள் மேல ஒரு தப்பும் கிடையாது. வெறும் பழச்சாறு" என்று உரக்கச் சொன்னேன். முதலாளியின் முகம் செத்துவிட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முடிந்தது, இவர் தப்பித்தார் என்றுதான் நினைத்தேன். நல்ல முட்டாள் நான்.

கம்ப்ரெசர்காரர் முன்னால் வந்து பழத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கோபமே இல்லாமல் கேட்டார். "பழம் அழுவுனது ஏன் சார்?"

"என்னது?"

"கட்டுன பழம் காஞ்சா நல்லது. எல்லா வண்டியிலயும் காயுது. இங்க ஏன் அழுவுச்சு? உக்காந்திருக்கற ஆளு சரியில்லன்னாத்தான் அழுவும்."

கூட்டத்தில் தலைகள் ஆடின. ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் கத்தினேன். காற்று புகாத இடம், பக்கத்திலேயே எஞ்சின் சூடு, மூடி போட்டு அடைத்து வைத்தால் எந்தப் பழமும் அழுகும், உன் வீட்டு டிபன் பாக்ஸில் வைத்து மூடு, அதுவும் அழுகும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் கண்டுபிடித்ததையே அந்த ஆளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்களே என்று ஆத்திரம் தாங்கவில்லை. மீட்டரில் காட்டலாம், பிளக்கில் காட்டலாம். இதை எதில் காட்டுவது?

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. ஆபரேட்டரைப் பார்த்து, "கொஞ்ச நாளைக்குக் கம்ப்ரெசர்காரரு ஓட்டட்டும்ப்பா, அவருக்கும் ஓட்டத் தெரியும். நீ வூட்ல இரு. நான் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

ஆபரேட்டர் கேபினுக்குள் ஏறினார். சாவியைச் சீட்டின் மேல் வைத்தார். கண்ணாடியில் பட்டிருந்த தூசியைக் கை பழக்கத்தில் சட்டை நுனியால் ஒரு தரம் துடைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிளக்கை மாற்றினேன். அதைச் சுற்றி கிரீஸ் பூசி, ரப்பர் குழாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். கம்ப்ரெசர்காரர் குளித்துவிட்டு வந்து, புதுப் பழத்தைப் புது மஞ்சள் துணியில் முடிந்து அதே இடத்தில் கட்டினார். "இதுவும் அழுகும், பாருங்க" என்றேன். "பாக்கலாம் சார்" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. முழுமனதாக நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து வழக்கமான சர்வீஸுக்குப் போனேன். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றார்கள். ஆள் மாறியதும் ராசி மாறிவிட்டது என்று குழிக்குள் எல்லோருக்கும் சந்தோஷம். நான் கேபினுக்குள் ஏறி, மூடியைக் கழற்றினேன்.

முடிச்சு கறுத்துப்போயிருந்தது. சாறு சொட்டி, நான் போட்ட ரப்பர் குழாயின் மேல் வழிந்து, கீழே தகரத்தில் திட்டாகக் காய்ந்திருந்தது. சொட்டு உள்ளே போகவில்லை. அதனால் வண்டி நிற்கவில்லை.

கம்ப்ரெசர்காரர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. சட்டென்று கையை விட்டு முடிச்சை அறுத்துத் துண்டுக்குள் சுருட்டினார். "சார், சத்தம் போடாதீங்க சார். ஒங்களக் கும்புடறேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைய எறக்கிடுவாரு. எம் பேரு கெட்டுப்போயிடும்."

"அவர் பேரு?" என்று கேட்டேன்.

துண்டைப் பிடுங்கிக்கொண்டு நேராக முதலாளியின் ஷெட்டுக்குப் போய் மேஜை மேல் அவிழ்த்துக் கொட்டினேன். "ஆளு மாறிடுச்சு. பழம் அழுகிடுச்சு. வண்டி ஓடுது. இப்ப சொல்லுங்க" என்றேன்.

முதலாளி அந்தக் கூழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பிறகு எழுந்து ஷெட் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தப்புப் பண்ணிட்டேன் சார். அவன வரச் சொல்லுங்க. நீங்க போற வழிதானே? வேற ஆளுக்குத் தெரிய வேணாம். நீங்களே சொல்லிடுங்க."

மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் அவரைக் கண்டுபிடித்தேன். லாரிக்குத் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு குவாரிகளில் கேட்டுப் பார்த்தாராம்; பேரைக் கேட்டதுமே ஆள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். தோளில் தக்காளிச் சாறு வழிந்து சட்டை சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினார்.

"அவர் கட்டுன பழமும் அழுகிடுச்சு" என்றேன். ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது எனக்கு.

"வண்டி நின்னுடுச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்ல, நல்லா ஓடுது."

"அப்ப சரிங்க," என்றார். நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார்.

"உங்களை வரச் சொல்றாரு. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னார். நான் என் காதால கேட்டேன்."

அவர் தோளைத் துடைத்துக்கொண்டார். பதக்கத்தைச் சட்டைக்குள் சரியாகப் போட்டுக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் சொன்னாருங்களா, ஒங்ககிட்ட மட்டும் சொன்னாருங்களா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கதவைச் சாத்திட்டுச் சொன்னார்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. "அப்ப அடுத்த தடவ வண்டி நின்னாலும் ராசியில்லாதவன் நான்தானுங்களே சார்," என்றார். லாரி மேலே இருந்தவன் கூடைக்குக் கை நீட்டினான். அவர் குனிந்து அதைத் தூக்கினார்.